பரணுக்குப் போன மெஷினும் மேடையில் நின்ற தராசும்

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் இருக்கிறது. அட்டைப்பெட்டி, தெர்மக்கோல், உத்தரவாத அட்டை எல்லாம் அதனுடனேயே பத்திரமாக இருக்கின்றன. வாங்கிய புதிதில் சமையல் மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு பளபளவென்று நின்றது. இரண்டாவது மாதம் மூலைக்கு நகர்ந்தது. ஐந்தாவது மாதம் அதன் மேல் கைத்துண்டு காய ஆரம்பித்தது. ஏழாவது மாதம் என் கணவர் ஏணியை எடுத்து வந்தார்.

அக்கா மகள் புதுக் குடித்தனம் தொடங்கப் போகிறாள். "சித்தி, வீட்டுல நல்ல காபி போட என்ன மெஷின் வாங்கலாம்?" என்று போனில் கேட்டாள். ஒரு மணி நேரம் பேசியும் நான் முடிக்கவில்லை. "எழுதியே அனுப்பிடுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் காபித் தொழிலில் இருப்பவள் அல்ல. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் 26 வருடம் உதவியாளராக இருந்தேன். குடுவை கழுவியே பாதி ஆயுள் போயிற்று. எந்தச் சாமானைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இதை யார் கழுவுவது என்பதுதான். கீழே நான் சொல்லும் தீர்ப்புகளில் அந்தக் கோணல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பால் சேர்க்காமல் குடிப்பவள், கணவருக்குப் பால் இல்லாவிட்டால் அது காபியே இல்லை. அதுவும் கணக்கில் வரும்.

முதலில் அந்த மெஷின். எஸ்பிரெஸ்ஸோ என்பது நைசாக அரைத்த தூளுக்குள் வெந்நீரை 9 பார் அழுத்தத்தில் தள்ளி எடுப்பது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போலக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. 18 கிராம் தூள், 36 கிராம் டிகாக்ஷன், 25 முதல் 30 நொடி. இதுதான் பலரும் தொடங்கும் கணக்கு. நான் வாங்கிய மெஷினின் பெட்டியில் 15 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒன்பதைவிடப் பதினைந்து பெரியது, ஆகவே உசத்தி என்று நினைத்தேன். அது பம்பின் அதிகபட்ச வலு, காபிக்குத் தேவை ஒன்பதுதான் என்பது வாங்கிய பிறகு தெரிந்தது.

கூடவே கொடுத்திருந்த வடிகூடையில் இன்னொரு சூட்சுமம். அதன் அடிப்பாகத்தில் இரண்டு சுவர், வெளிச்சுவரில் ஊசிமுனை அளவில் ஒரே ஓர் ஓட்டை. எந்தத் தூளைப் போட்டாலும் அந்த ஓட்டை வழியே பீய்ச்சிக்கொண்டு நுரையோடு இறங்கும். முதல் நாள் நுரையைப் பார்த்து நானே கை தட்டினேன். நுரைக்குக் கீழே இருந்தது வெறும் நீர்க்காபி. சரி, சாதாரண வடிகூடை வாங்கி மாட்டலாம் என்று மாட்டினேன். கடையில் அரைத்து விற்கும் தூள் அதற்குப் பருமன். 8 நொடியில் மொத்தத் தண்ணீரும் ஓடி வந்துவிட்டது, வாயில் வைத்தால் புளிப்பு. இன்னும் நைசாக அரைக்க வேண்டும், அதுவும் மயிரிழை அளவுக்குக் கூட்டிக் குறைக்கக்கூடிய கிரைண்டர் வேண்டும், அது மெஷினுக்கு இணையாகச் செலவு வைக்கும். இதை விற்கும்போது யாரும் வாயே திறக்கவில்லை.

அப்புறம் தினசரிப் பாடு. உலோகம் முழுக்கச் சூடேறக் கால் மணி நேரம். பால் நுரைக்கும் ஆவிக்குழாயை உடனே துடைக்காவிட்டால் பால் காய்ந்து கோந்தாக ஒட்டிக்கொள்ளும். உப்புநீர் என்றால் உள்ளே படிவு சேரும், மாதக்கணக்குப் போட்டுக் கரைத்தெடுக்க வேண்டும். ஒரு நாற்பது தடவை போட்டிருப்பேன். அதில் ஒரே ஒரு நாள் டிகாக்ஷன் தேன் போல மெல்லிய இழையாக இறங்கியது. அன்றைக்குக் குடித்ததை இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் அதை விற்காமல் பரணில் வைத்திருக்கிறேன். இதையே பொழுதுபோக்காக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு எஸ்பிரெஸ்ஸோ மாதிரி ஒன்று கிடையாது. காலையில் காபி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு வேண்டாம்.

கிரைண்டரில்தான் எனக்குப் புத்தி வந்தது. காபிக் கிரைண்டரைச் சொல்கிறேன், மாவு ஆட்டுவதை அல்ல. முதலில் வாங்கியது கத்தி சுழலும் வகை, குட்டி மிக்ஸி மாதிரி. 20 நொடி சுற்றினால் தூள் வந்துவிடும், என்ன குறை என்று நினைத்தேன். ஆனால் காபி ஒரே நேரத்தில் கசந்தும் புளித்தும் இருந்தது. ஒரு நாள் அந்தத் தூளை மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்துப் பார்த்தேன். மேலே மிளகு உடைத்த மாதிரி துண்டுகள், கீழே முகப்பவுடர் மாதிரி மாவு. இரண்டும் ஒரே அரைப்பில் வந்தவை.

இங்கே எனக்கு ஆய்வகம் ஞாபகம் வந்தது. சலவைக்கல் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நிதானமாகக் குமிழி விடும். அதே எடைக்குப் பொடி செய்து போட்டால் பொங்கி வழியும். புறப்பரப்பு கூடினால் வேகம் கூடும் என்று வேதியியல் மிஸ் வருடா வருடம் நடத்துவார், வழிந்ததைத் துடைப்பது என் வேலை. 26 வருடம் அதைத் துடைத்தவளுக்குக் காபித்தூளில் அது உறைக்கவில்லை பாருங்கள். மாவாக இருக்கும் தூள் நொடியில் சாரத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கடைசியில் கசப்பையும் துவர்ப்பையும் கொடுக்கும். துண்டாக இருப்பது பாதிகூட விடாமல் வெறும் புளிப்பைக் கொடுக்கும். வறுத்த கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறக்குறைய 30 சதவீதம். தூளின் மொத்த எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை மட்டும் கரைத்தெடுத்தால் சுவை சமன்படும் என்பது காபித் தொழிலில் வெகுகாலமாக இருக்கும் கணக்கு. தூளில் ஒரு பங்கு அந்த எல்லையைத் தாண்டி ஓட, இன்னொரு பங்கு அதை எட்டவே இல்லையென்றால் எந்த மெஷினாலும் சரிக்கட்ட முடியாது.

பர் கிரைண்டர் என்பது இதற்குத்தான். பல் வெட்டிய இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே கொட்டை நொறுங்கி, இடைவெளி எவ்வளவோ அந்த அளவுக்கு வந்த பிறகே கீழே விழும். இடைவெளியைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். நான் வைத்திருப்பது கையால் சுற்றும் வகை, கூம்பு வடிவப் பர், திருகினால் டிக் டிக் என்று படி படியாக நகரும். அடுத்தவர் சொல்லும் டிக் எண்ணிக்கை நம் கிரைண்டருக்குச் செல்லாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வேறு, ஆகவே நாக்கை வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதான். என்னுடையதில் 15 கிராம் அரைக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வெளிர் வறுவல் என்றால் கொட்டை கெட்டியாக இருக்கும், மணிக்கட்டு பேசும். நான்கு பேருக்கு மேல் காபி போடும் வீடு என்றால் மின்சார பர் கிரைண்டரே வாங்கிக்கொள்ளுங்கள், கையை நொந்துகொள்ள வேண்டாம்.

அரைத்த தூள் மின்னேற்றத்தால் கிரைண்டர் சுவரிலும் மேடையிலும் மூக்கிலும் பறந்து ஒட்டும். அரைப்பதற்கு முன் கொட்டையின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்குச் செலவே கிடையாது. கிரைண்டரைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, தூரிகையால் தட்டி எடுத்தால் போதும். கழுவத் தேவையே இல்லாத சாமான் என்ற ஒரே காரணத்துக்காக அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் போட்டேன்.

மெஷின் இல்லாமல் வெறும் கிரைண்டர் மட்டும் வந்த அந்த வாரம், டம்ளரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, அடியில் படிந்த பிறகு மேலாக இறுத்துக் குடித்தோம். பரணில் இருக்கும் மெஷின் கொடுத்ததைவிட அது நன்றாக இருந்தது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு டம்ளர் கேட்டார்.

அடுத்தது தராசு. காபிக்குத் தராசு வைக்கிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். வேலையில் இருந்தபோது நாளெல்லாம் நிறுத்துவிட்டு வீட்டிலும் நிறுக்க வேண்டுமா? ஒரு நாள் சும்மா சோதித்தேன். ஒரே கரண்டி, ஒரே கை. பத்து முறை அள்ளி நிறுத்தேன். 5 கிராமில் இருந்து 8 கிராம் வரை வந்தது. கை மட்டும் காரணமல்ல. கருக வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும், வெளிர் வறுவல் கனமாக இருக்கும், கரண்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நேற்று நன்றாக வந்தது இன்று ஏன் வரவில்லை என்று வருடக்கணக்காகக் கொட்டையைத் திட்டியிருக்கிறேன். தப்பு கரண்டியில் இருந்திருக்கிறது.

0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். ஆய்வகத் தராசு அளவுக்கு வேண்டாம். தண்ணீர் ஊற்றும்போது எண் தாமதிக்காமல் ஏற வேண்டும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். தாமதித்தால் நாம் ஊற்றி முடித்த பிறகும் அது ஏறிக்கொண்டே போகும். கடிகாரம் உள்ளேயே இருந்தால் வசதி. லிட்டருக்கு 55 முதல் 65 கிராம் வரை தூள், இது வடிகட்டும் காபிக்குத் தொடக்கக் கணக்கு. எனக்கு 15 கிராமுக்கு 250 கிராம் தண்ணீர் ஒத்துவருகிறது. கோப்பையில் 250 வராது. சக்கை தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும், 220 கிராம் அளவில்தான் கிடைக்கும். தண்ணீரையும் எடையிலேயே பாருங்கள், ஒரு மில்லி ஒரு கிராம்தானே.

இனி காபி இறக்கும் சாமான்கள். இதில்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள், எனக்கென்னவோ இதில் பெரிய வித்தியாசம் கழுவுவதில்தான் இருக்கிறது.

பிரெஞ்சு பிரஸ்ஸில் ஆரம்பிப்பவர்கள் அதிகம். பருமனாக அரைத்த தூள், மேலே வெந்நீர், 4 நிமிடம், வலைத்தட்டை அழுத்து, ஊற்று. கை நடுக்கமோ தூக்கக் கலக்கமோ அதைக் கெடுக்காது. எண்ணெய்ப் பசை வடிகட்டப்படாமல் வருவதால் வாயில் கனமாக நிற்கும். ஆனால் கடைசி இரண்டு வாய் மண்டி. அதற்கு ஒரு வழி கிடைத்தது. கொட்டையைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் 4 நிமிடம் கழித்து மேலே மிதக்கும் ஆடையைக் கரண்டியால் உடைத்து, நுரையை அள்ளிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதையே பிரஸ்ஸிலும் செய்து, இன்னும் 5 நிமிடம் சும்மா விட்டு, வலையை அடிவரை அழுத்தாமல் மேலாக நிறுத்தி ஊற்றினால் பெரும்பகுதி மண்டி அடியிலேயே தங்கிவிடுகிறது. காபியும் குடிக்கும் சூட்டுக்கு வந்திருக்கும். கழுவுவதைச் சொல்லாமல் விட முடியாது. ஈரச் சக்கையைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும், வழித்தெடுக்க வேண்டும், வலையை மூன்றாகக் கழற்ற வேண்டும். இன்னொன்று, உலோக வலை வழியாக வரும் எண்ணெயில் காபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. காகிதத்தில் வடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கணவரின் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு பிரஸ் தினசரியில் இருந்து எப்போதாவது என்று ஆனது.

காகித வடிப்புக்கு நான் தாமதமாகத்தான் வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் புனலும் வடிதாளும்தானே என் பிழைப்பு. ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண் 1908-ல் மகனின் நோட்டுப்புத்தகத்து மையொற்றும் தாளைக் கிழித்து, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்துக் காபியை வடித்தார். மண்டி பிடிக்காமல்தான் அந்த வேலையைச் செய்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. 1941-ல் பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர் கெமெக்ஸ் என்ற கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்தார். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கூம்புக் குடுவையின் தலையில் புனலை ஒட்டவைத்து, இடுப்பில் மரத்தாலான ஒரு பட்டையைக் கட்டியிருந்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தக் குடுவையையும் புனலையும் ஆய்வக அலமாரியில் வைத்திருந்தோம், அவ்வளவுதான். கெமெக்ஸை ஆசையாக வாங்கினேன், முதல் மாதமே சிங்க்கில் உடைந்தது. ஆய்வகத்தில் பிள்ளைகள் உடைத்த குடுவைக்கெல்லாம் கணக்கு எழுதியவள், இதை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

அதற்குப் பதில் வந்தது வி60. 60 பாகைக் கூம்பு, உள்ளே சுருள் வரிகள், அடியில் ஒரு பெரிய ஓட்டை. பீங்கானை விடப் பிளாஸ்டிக்கையே சொல்வேன். பீங்கான் சூட்டைத் தான் இழுத்துக்கொள்ளும், கீழே விழுந்தால் கெமெக்ஸின் கதிதான். தாளை முதலில் வெந்நீரில் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காபியில் காகித வாடை வரும். தூளைப் போட்டு அதன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் மட்டும் முதலில் ஊற்றினால் தூள் உப்பிக் குமிழி விடும். வறுத்தபோது உள்ளே அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அரை நிமிடம் அதற்கு அவகாசம் கொடுத்துவிட்டு மீதியை வட்டமாக ஊற்றி, மொத்தம் 3 நிமிட அளவில் வடிந்து முடிந்தால் என் நாக்குக்குச் சரி. 4 நிமிடத்தைத் தாண்டிச் சொட்டிக்கொண்டிருந்தால் அரைப்பு நைசாகிவிட்டது, 2 நிமிடத்திலேயே காலியானால் பருமன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைப்பையும் சூட்டையும் அளவையும் ஒரே நாளில் மாற்றினால் எது செய்த வேலை என்று தெரியாமல் போகும். செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் செய்யும் அதே தப்பு.

மூக்கு ஒல்லியாக வளைந்த அன்னக்கழுத்துக் கெட்டில் கட்டாயமா என்று அக்கா மகள் கேட்பாள், தெரியும். ஆறு மாதம் நான் மூக்கு நீண்ட சின்ன ஸ்டீல் ஜக்கில் ஊற்றினேன், பரவாயில்லாமல் வந்தது. அன்னக்கழுத்து வந்த பிறகு மணிக்கட்டு நிம்மதியானது, சுவையில் பெரிய மாற்றம் இல்லை. சூட்டை வைத்துக்கொள்ளும் கெட்டில் இன்னும் ஆடம்பரம். வெளிர் வறுவலுக்குக் கொதித்த உடனே ஊற்றலாம், கருவறுவலுக்கு ஒன்றிரண்டு நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள், போதும்.

வி60-ஐக் கழுவுவது என்ற பேச்சே இல்லை. தாளோடு சக்கையைத் தூக்கிச் செடிக்கோ குப்பைக்கோ போட்டு, கூம்பை ஒரு அலசு. எங்கள் வீட்டுச் சிங்க்கின் தரப்பில் இருந்து முதல் பரிசு அதற்குத்தான்.

ஏரோபிரஸ்ஸை எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஊசிபோடும் சிரிஞ்சைப் பெரிதாக்கிய மாதிரி இருக்கும். கையால் வீசினால் காற்றில் 400 மீட்டருக்கு மேல் பறந்து சாதனை படைத்த ஏரோபி என்ற விளையாட்டு வளையத்தை உருவாக்கிய ஆலன் அட்லர்தான் 2005-ல் இதையும் கொண்டுவந்தார். பயணத்துக்கு இதைவிட்டால் வேறு கிடையாது, உடையாது, சக்கை பணியாரம் மாதிரி ஒரே வில்லையாக வந்து விழும். ஒருவருக்கு மேல் என்றால் மறுபடி முதலில் இருந்து. வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதால் இது பையிலேயே இருக்கிறது.

தானே வெந்நீரைத் தூள் மேல் சொட்டவிட்டு வடிக்கும் டிரிப் மெஷினைப் பற்றி ஒரே வரி: அடியில் சூட்டுத்தட்டு உள்ளது வேண்டாம், பிளாஸ்க் உள்ளது வாங்குங்கள். தட்டில் உட்கார்ந்த காபி அரை மணியில் வெந்துபோகும். குளிர்நீரில் ஊறவைப்பதற்குச் சாமானே வேண்டாம், மூடியுள்ள ஜாடியும் 12 மணி நேரப் பொறுமையும் போதும்.

மோக்கா பாட் என் கணவருடையது. அடுப்பில் வைக்கும் எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம், கீழே கொதிக்கும் நீர் நடுவில் உள்ள தூள் வழியாக மேல்பாத்திரத்துக்கு ஏறும். இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டியின் பெயரோடு 1933-ல் வந்த வடிவம், இன்றுவரை அதிகம் மாறவில்லை. பாலுக்கு ஈடுகொடுக்கும் கெட்டியான டிகாக்ஷன் அதில்தான் கிடைக்கிறது என்பது அவர் கட்சி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டிக்குள் இருந்த சீட்டில் போட்ட மாதிரி செய்தபோது கருகின வாடைதான் வந்தது. பிறகு நாங்களாக மாற்றிக்கொண்டவை இவை. கீழ்ப்பாத்திரத்தில் பச்சைத் தண்ணீருக்குப் பதில் கொதித்த நீரை ஊற்றுகிறோம், அப்போது தூள் நெடுநேரம் அடுப்பில் வறுபடாது. பாத்திரம் சுடும், துணி பிடித்துத் திருக வேண்டும். தண்ணீர் பாதுகாப்பு வால்வுக்குக் கீழேயே நிற்க வேண்டும். தூளை மட்டமாக நிரப்புகிறோம், அழுத்துவதில்லை. சின்னத் தீ. மேலே டிகாக்ஷன் வழியத் தொடங்கிப் பொன்னிறமாக வெளுத்துச் சீறும் முன் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய் நீரில் காட்டினால் நின்றுவிடும். அந்தச் சீறலை அவர் "காபி ரெடி" என்று எடுத்துக்கொண்டிருந்தார். அது "காபி போச்சு" என்று சொல்லும் சத்தம்.

இதில் வாங்கும்போதே யோசிக்க வேண்டியது அளவு. மூன்று கோப்பை மோக்காவில் பாதித் தூள் போட்டு ஒருவருக்கு இறக்க முடியாது, நிரப்பித்தான் ஆக வேண்டும். அந்தக் "கோப்பை"யும் 50 மில்லி அளவுதான். ஆறு கோப்பை என்று பெருமையாக வாங்கி, நாங்கள் இரண்டு பேரும் படபடப்போடு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு. அரைப்பு வி60-ஐவிட நைசு, எஸ்பிரெஸ்ஸோவை விடப் பருமன். அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான், எஸ்பிரெஸ்ஸோ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தண்ணீரை நான் கடைசியில்தான் சந்தேகப்பட்டேன், முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் குழாய் நீர் கடினநீர். அதில் எந்த உசத்திக் கொட்டையைப் போட்டாலும் காபி மொட்டையாக இருந்தது, பழவாசனை என்று பொட்டலத்தில் எழுதியிருந்ததெல்லாம் காணோம். அந்த நீரில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தைச் சமன் செய்யும் என்று ஆய்வகத்தில் டைட்ரேஷன் சோதனையில் பியூரெட் என்ற அளவுக்குழாயைத் திருகித் திருகிப் பார்த்த கதைதான். காபியின் இனிய புளிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. சரி என்று ஆர்.ஓ. நீரில் போட்டேன், அது வேறு மாதிரிச் சப்பை, கூர்மை மட்டும் இருந்தது, வாயில் கனம் இல்லை. கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சமாவது இருக்க வேண்டும். ஒரு பங்கு குழாய் நீர், மூன்று பங்கு ஆர்.ஓ. நீர் என்று கலந்த நாளில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கிடைத்தது. உங்கள் குழாய்க்கு இந்தப் பங்கு மாறும். நான்கு டம்ளரில் நான்கு விகிதம் வைத்துக் குடித்துப் பாருங்கள், ஒரே காலையில் தெரிந்துவிடும்.

கொட்டையைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன், அது அவரவர் நாக்கு. வறுத்த தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதி மட்டும் இருந்தால் அது நமக்கு ஒன்றும் சொல்லாது. வறுத்த அன்றே ஓடிப்போய் வாங்கிப் போட்டால் வாயு நிறைய இருப்பதால் தண்ணீர் தூளுக்குள் ஒழுங்காக இறங்காது. ஒரு வாரம் பொறுத்தால் நல்லது. ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கே வாங்குகிறேன். பொட்டலத்தில் உள்ள ஒருவழி வால்வு வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாமல் காக்கும், ஆகவே டப்பாவுக்கு மாற்றாமல் அந்தப் பொட்டலத்தையே மடித்துக் கிளிப் போட்டு வைக்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்தால் மற்ற வாசனை ஏறும். அதிகமாக இருந்தால் சின்னச் சின்னக் காற்றுப்புகாப் பொட்டலமாக ஃபிரீசரில் வைத்து, ஒரு பொட்டலம் எடுத்தால் திரும்ப உள்ளே வைக்காமல் தீர்த்துவிட வேண்டும்.

அக்கா மகளுக்கு வாங்கும் வரிசை: முதலில் கை கிரைண்டர், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அடுத்தது தராசு, மலிவானதே போதும். மூன்றாவதாகப் பிளாஸ்டிக் வி60-உம் ஒரு கட்டுத் தாளும். மாப்பிள்ளை பால் காபிக்காரர் என்றால் தாளுக்குப் பதில் மோக்கா. கெட்டிலை ஆறு மாதம் கழித்து யோசி. மெஷின் கட்டாயம் வேண்டும் என்றால் பரணில் இருக்கிறது, ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு.

கழுவுவதில் ஒரு பாக்கி. காபி எண்ணெய் சாமானில் படிந்து நாளாவட்டத்தில் சிக்குவாடை அடிக்கும், அது அடுத்த காபியில் ஏறும். பிரஸ் வலை, பிளாஸ்க், டிரிப் மெஷின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மோக்காவும் விலக்கு அல்ல. அலுமினிய மோக்காவைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் கறுத்துப்போகும், கையால்தான் கழுவ வேண்டும். "மோக்காவுக்கு சோப்பே ஆகாது, உள்ளே படிவு இருந்தாத்தான் ருசி" என்று கணவரிடம் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக வாக்குவாதம் நடக்கிறது. இப்போதைக்கு உடன்பாடு என்னவென்றால், மேல்பாத்திரத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு துளி சோப்பு. ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் வெளியே போயிருக்கும்போது நான் கழற்றிக் கழுவி மாட்டிவைக்கிறேன்.